வைப்பர் ஃபியூஸுக்குப் பதில் ஒரு கம்பி

என் உயிரான என்னங்க,

பதினேழு வருஷமும் உங்களை இப்படித்தானே கூப்பிட்டேன். இன்றைக்குப் பெயர் சொல்லித் திட்ட வேண்டும்போல் இருக்கிறது.

நேற்றுக் காலை அடைமழை. யாழினியை நம் காரில் பரீட்சைக்குக் கூட்டிப்போகும் வழியில், "மம்மி, ஏதோ ஜல்ற ஸ்மெல் வருது, என்னமோ எரியுது" என்றாள். ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து புகை! வண்டியை ஓரங்கட்டி, அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு நனைந்துகொண்டே நின்றேன். ஃபியூஸ் பெட்டி எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்டபோதெல்லாம் "அது உனக்கு எதுக்கு, நான் இருக்கேன்ல?" என்பீர்கள். எங்கே இருக்கிறீர்கள்?

முனிர்கா கடையிலிருந்து நம் மெக்கானிக் வந்து டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றினார். வைப்பர் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செப்புக் கம்பி. "பாபிஜி, இது உங்க வீட்டு பாயிசாப் போட்டது. ஃபியூஸ்னா உருகிக் கரண்டை நிறுத்தும், கம்பி நிறுத்தாது, வயர் எரியும்னு அப்பவே சொன்னேன். அடுத்த வாரம் மாத்திடறேன்னாரு" என்று இந்தியில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

இருபத்திரண்டு வருஷம் சாணக்யபுரியில் அதிகாரியின் காரை ஓட்டினீர்கள். அந்தக் காரில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று ஒரு டப்பா நிறைய உபரி ஃபியூஸ் வைத்திருந்தீர்கள். கம்பி சுற்றுகிற டிரைவர்களை "இவனுங்கல்லாம் டிரைவரா?" என்று சாப்பிடும்போதுகூடத் திட்டுவீர்கள். பெற்ற பெண் உட்காரும் வண்டிக்கு மட்டும் கம்பி போதுமா?

உடம்பையும் அப்படித்தானே ஓட்டினீர்கள்? நெஞ்சு வலிக்கு வாயு மாத்திரை. அந்த அதிகாரி சாரை ஏர்போர்ட்டில் இறக்கிவிட்ட பிறகுதான் சரிந்தீர்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் கடமை, கடமை என்று புகழ்ந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

இன்று யாழினி வண்டியின் கையேட்டை வாசித்துச் சொல்ல, ஃபியூஸ் பெட்டிகளை நானே தேடினேன். டாஷ்போர்டுக்குக் கீழே நேற்றுப் பார்த்த ஒன்று, பானெட்டுக்குள் பேட்டரி பக்கத்தில் இன்னொன்று. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இதைச் சொல்லித்தர உங்களுக்குப் பதினேழு வருஷத்தில் நேரம் இல்லை.

கையேட்டை மூடிவிட்டு அவள் கேட்டாள்: "கம்பி போட்டா டேஞ்சர்னு அப்பாவுக்குத் தெரியாதா மம்மி?"

"தெரியாதுடி. பாவம், அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது" என்றேன். உடனே நம்பிவிட்டாள்.

அவளிடம் கடைசிவரை இதையேதான் சொல்வேன், சத்தியம். ஒன்றும் தெரியாத டிரைவராகவே அவள் மனதில் இருந்துவிட்டுப் போங்கள். தெரிந்தே செய்த அப்பா அவளுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
அந்த அப்பாவை மன்னிக்காத,
யாழினியின் அம்மா