இனிமேல் பிக்கப் அனுப்பாதே

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நீ நன்றாக இருக்கிறாய் என்று வாராவாரம் உன் குரலிலேயே தெரிகிறது, அதனால் அதை நான் கேட்கப்போவதில்லை. இங்கே நான், உன் அண்ணன், அண்ணி மூவரும் நலம். உன் அப்பாவும் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடலாம்தான், ஆனால் அந்தப் பழக்கத்தால்தான் இந்த வீடு இந்த நிலைக்கு வந்திருக்கிறது, அதனால் எழுத மாட்டேன். ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். உன் அப்பா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு முழுச் சத்தத்தில் வைத்துத்தான் பேசுகிறார், நீ அங்கே என்ன சமைத்தாய் என்பது மாடி வீட்டு டீச்சருக்கு எனக்கு முன்னால் தெரிந்துவிடுகிறது. அண்ணன் ஃபோனில் கூப்பிடலாம் என்றால், நான் இரண்டு வார்த்தை கடிந்து பேசியதும் நீ மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவாய், அந்தச் சத்தம் கேட்டால் நான் திட்ட வந்ததை விட்டுவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன். கடிதத்தில் அந்த வம்பில்லை. முழுசாகத் திட்டலாம்.

காலேஜில் படிக்கும்போது நீ ஆசைப்பட்டு வாங்கிய அந்த எலெக்ட்ரிக் கிடாரை, கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது அதுதான் என்று சொல்லிச் சொல்லி வாங்கினாயே, அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நீ பறந்து போய்விட்டாய். மில்லில் ஓய்வு கொடுத்து அனுப்பியதும் உன் அப்பா அதை வெளியே எடுத்துத் தூசி தட்டினார். தறிகளுக்கு நடுவில் காலம் முழுக்க நின்ற மனுஷன், வீட்டில் உட்கார வைத்தால் என் தையல் வேலையில் வந்து மூக்கை நுழைப்பார் என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அது பெரிய நிம்மதி. வீடியோவைப் பார்த்துப் பார்த்து விரல் நுனி காய்த்துப்போகும் அளவுக்குப் பழகினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் உனக்கு வாசித்துக் காட்டுவதற்காகச் சனிக்கிழமை முழுக்க ஒரே பாட்டைப் போட்டு உருட்டுவார், நானும் பொறுத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்தக் குறை ஆரம்பித்தது. சத்தம் அமுங்கிக் கிடக்கிறது, போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கிறது என்றார். கம்பி மாற்றிப் பார்த்தார், சரியாகவில்லை. உன்னிடம் சொன்னார். விலை குறைந்த கிடாரில் எல்லாம் பிக்கப் மட்டமாகத்தான் இருக்கும், நான் நல்லதாக அனுப்புகிறேன் என்று நீ உடனே சொன்னாய். பிக்கப் என்றால் என்னவென்று எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க வகுப்பு நடந்தது. கம்பிக்கு அடியில் இருக்கும் காந்தமும் செம்புச் சுருளுமாம், கம்பி அதிர்வதைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதானாம். மூன்று பிக்கப் வந்து இறங்கின. வீட்டில் பெரிய மேஜை எது, நான் துணி வெட்டும் மேஜைதான், அதில்தான் கிடாரைக் குப்புறப் போட்டு அறுவை சிகிச்சை. ஒயரைப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைச் சூட்டோடு அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு வெந்நீர் குடிக்கப் போனதில் இன்றைக்கும் மேஜையில் கருப்பாக ஒரு பள்ளம் இருக்கிறது, ஒவ்வொரு திரைச்சீலையும் வெட்டும்போது துணி அந்த இடத்தில் சிக்குகிறது.

அது முடிந்ததும் இப்போது பரவாயில்லை, ஆனால் இன்னும் கொஞ்சம் தெளிவு வேண்டும் என்றார். நீ அடுத்த பார்சலை அனுப்பினாய். உள்ளே இருக்கும் ஒயர் எல்லாம் புதுசு, சுவிட்சு புதுசு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் புதுசு, அதுவும் பழையதைவிடக் கூர்மையாகக் கேட்க வைக்கிற ரகம். கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் அடக்கி வைக்கிற சின்னப் பொருள் ஒன்று டோன் குமிழில் ஒட்டியிருக்குமாம், அதையும் கழற்றிப் போட்டுவிடச் சொன்னாய். இரைச்சல் வராமலிருக்க உள்பக்கம் முழுக்கச் செம்புத் தகடு ஒட்ட வேண்டும் என்றாயே, அந்தத் தகட்டை உன் அப்பா எதால் வெட்டினார் தெரியுமா, என் கத்தரியால். துணியைத் தவிர ஒரு காகிதத்தைக்கூட அதால் வெட்டவிடாமல் பிள்ளையைப்போல் பார்த்துக்கொண்ட கத்தரி. மறுநாள் சோபா உறைத் துணியில் வைத்தால் கடிக்கிறது, வெட்டவில்லை. அன்றைக்கு நான் போட்ட கூச்சலுக்கு அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எவ்வளவு கொழுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது பார்சலும் வந்தது, அதைவிடக் கூர்மையான பிக்கப். அதற்குப் பிறகு அந்தக் கிடார் வாசிப்பதா அலறுவதா என்று எனக்குத் தெரியவில்லை. தட்டில் கரண்டியை இழுத்ததுபோல் பல் கூசியது. மாடி டீச்சர் ஜன்னலைச் சாத்தினார், பிறகு இறங்கி வந்து நயமாகக் கேட்டார், பரீட்சைத் தாள் திருத்த முடியவில்லை என்று. எலெக்ட்ரிக் கிடார் என்றாலே இப்படித்தான் கத்தும்போல, நமக்குத்தான் ரசனை போதாது என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில், நல்லா இருக்குப்பா, இப்பதான் சுத்தமா கேக்குது என்று சொல்வதை என் காதால் கேட்டேன். படித்த பெண், இசை தெரிந்த பெண், அவளே சொல்லும்போது நான் யார் குறை சொல்ல.

போன வாரம் புதன்கிழமை காலையில் உன் அப்பா பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு நம் தெருமுனையில் நின்றிருந்தார். பக்கத்துக் கட்டிடத்துக்குக் கட்டில் மேஜை இறக்கிய வேன் ஒன்று ரிவர்ஸில் பின்னால் வந்தது. பின்னால் வரும்போது கீக் கீக் என்று கத்துமே, அந்தச் சத்தம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோதே வீட்டுக்குள் எனக்குக் கேட்டது. அவருக்கு அது முதுகுக்குப் பின்னால் இரண்டடியில். நகரவே இல்லை. எதிர்க்கடைக்காரர் ஓடிவந்து வேன் பக்கவாட்டில் ஓங்கி அறைந்ததால் டிரைவர் பிரேக் போட்டார், அதற்குள் தோளில் இடித்துத் தள்ளிவிட்டது. உள்ளங்கை முழுக்கச் சிராய்ப்பு, மணிக்கட்டு சுளுக்கு, இவ்வளவோடு போயிற்று. நான் செருப்பில்லாமல் ஓடினேன். அங்கே அவர் டிரைவரைப் பிடித்துச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார், சத்தமே வராத வண்டியை ஓட்டுகிறாயே, மனுஷனா நீ என்று. டிரைவர் ஏறக்குறைய அழுதுவிட்டார். தெருவே சொல்கிறது வண்டி கத்தியது என்று, இவர் தெருவையே பொய்யர்கள் என்கிறார். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தேன்.

சாயங்காலம் உன் அண்ணி களிம்பு எடுத்துக்கொண்டு வந்தாள். கட்டுப்போட்டு முடித்துவிட்டு என்னை மெஷின் பக்கம் இழுத்துக்கொண்டு போய், அத்தை, இனிமேல் மறைக்கக் கூடாது என்று சொன்னாள். மாமாவுக்கு மேல் ஸ்தாயிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை, கிடாரில் ஒரு குறையும் இல்லை, குறை காதில்தான் என்று இரண்டாவது பார்சலுக்கு முன்பே உனக்குத் தெரியுமாம். பிறகு ஒருநாள், அந்தச் சத்தத்தில் பல் கூசுகிறது அண்ணி, சொன்னால் அப்பா மனசு ஒடிந்துவிடுவார், பிக்கப் மாற்றிக்கொண்டிருந்தால் அவருக்கும் பொழுது போகும் என்றாயாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாயாம்.

ஏன்டி, உனக்கு எப்படி மனசு வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் தினமும் ஊரான் கண்ணைப் பரிசோதிக்கிறவள் நீ. முன்பின் தெரியாதவரிடம், உங்களுக்குக் கீழ்வரி தெரியவில்லை, கண்ணாடி போடுங்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாய். உன் அப்பாவுக்கு மட்டும் எழுத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கி அனுப்பிக்கொண்டிருந்தாயா. அந்த வேன் இன்னும் ஒரு அடி வந்திருந்தால் நீ அடுத்த விமானத்தில் வந்து இறங்கி என் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாய், அப்போதும் பிக்கப் விஷயத்தைச் சொல்லியிருக்க மாட்டாய். மனசு ஒடிந்துவிடுமாம். மண்டை உடைந்தால் பரவாயில்லையா.

என் விஷயம் ஒன்று இருக்கிறது, அதை நீ யோசித்தே இருக்க மாட்டாய். உன் அண்ணன் கூப்பிட்டால் அவர் திரும்புகிறார், நான் கூப்பிட்டால் திரும்புவதில்லை. கட்டைக் குரல் கேட்குமாம், என்னைப்போல் கீச்சுக் குரல்தான் போய்விடுமாம், அண்ணி சொல்லித்தான் தெரியும். எனக்கு யார் சொன்னார்கள். சம்பாத்தியம் போன பிறகு மனுஷனுக்குப் பெண்டாட்டி பேச்சு வேண்டாததாகிவிட்டது, மகன் பேச்சுதான் பேச்சு என்று நினைத்து நினைத்து நான் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். மூன்று தடவை சொல்லி நாலாவது தடவை கத்துவேன், அவர் ஏன் எப்போதும் கத்துகிறாய் என்பார். தட்டை எடுத்துக்கொண்டு தையல் அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட நாட்கள் உண்டு. ஒரே ஒரு வார்த்தை, அம்மா, அப்பாவுக்கு நீ பேசுவது கேட்கவில்லை என்று நீ எனக்குச் சொல்லியிருந்தால் போதும். அவர் மனசைக் காப்பாற்றினாய் சரி, என் மனசு உனக்குக் கண்ணில் படவில்லையா.

உன் அண்ணன் டாக்டர் மூலமாகச் சொல்ல வைக்கலாம் என்றான், நான் வேண்டாம் என்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று எனக்கும் தெரியவில்லை. காயத்துக்கு ஊசி போட்டதில் அவருக்குக் கொஞ்சம் உடம்பு சுட்டது, வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணி வைத்துவிட்டுப் போன தெர்மாமீட்டரை அவராகவே வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அது பீப் பீப் என்று அடித்து ஓய்ந்துவிட்டது. அவர் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, மறுபடி பித்தானை அழுத்தி வாயில் வைத்தார். மறுபடி அடித்தது. இதில் பேட்டரி இல்லை போலிருக்கிறது, முடிந்ததென்று சொல்லவே மாட்டேன் என்கிறது என்று சலித்துக்கொண்டார். நான் மெஷினை நிறுத்திவிட்டுப் போய் அவர் எதிரில், என் உதடு அவருக்குத் தெரியும்படி உட்கார்ந்தேன். அது ரெண்டு தடவை கத்திடுச்சுங்க என்றேன்.

அவர் தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார். வேனும் கத்துச்சா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மேஜை மேலிருந்த கிடாரைப் பார்த்தார், ஒட்டிய செம்புத் தகடும் புது ஒயரும் தெரிய அது திறந்து கிடந்தது, இன்னும் தெளிவு வேண்டுமென்று மறுபடி பிரித்தவர் சுளுக்கிய கையால் அயர்னைப் பிடிக்க முடியாமல் பாதியில் விட்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், காதைக் கெடுத்த மில் தறியைத் திட்டுவார், என்னைத் திட்டுவார் என்று. ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவளுக்குத் தெரியுமா?"

அந்த நேரத்தில் உன்மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு, எல்லாம் தெரியும், தெரிந்துதான் உங்களை ஆட வைத்தாள் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

"தெரியாதுங்க. ஃபோன்ல கேட்டா எல்லாச் சத்தமும் ஒண்ணு மாதிரிதானே இருக்கும்."

அவர் மூச்சு விட்டார். "அப்ப அவ நல்லா இருக்குன்னு சொன்னதெல்லாம் மனசாரச் சொன்னதுதான்."

ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்வேன்.

காது டாக்டரிடம் இருபதாம் தேதி போகிறோம். கருவி வைத்தால் நிறையத் திரும்பக் கிடைக்கும் என்று அண்ணன் விசாரித்து வைத்திருக்கிறான். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து நானே அவளிடம் சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே என்று உன் அப்பா என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் சேரட்டும் என்றுதான் இதைக் கூரியரில் போடுகிறேன். போன ஞாயிறு வேன் இடித்ததைச் சொல்லாமல் கையில் வலி, இன்றைக்கு வாசிக்கவில்லை என்றாரே, நீயும் சரிப்பா என்றாயே, இனிமேல் அப்படி சரிப்பா சொல்லாதே, என்னவென்று கேள். அவர் சொல்லும்போது இப்போதுதான் முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்டுக்கொள், அழ வேண்டுமானால் அழு, அதுகூட நல்லதுதான். கருவி வைத்துக்கொண்டு அவர் வாசிக்கும் நாளில் அவருக்கே கிடார் அலறுவது கேட்கும், எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி மாட்டுவார், மேஜை எப்படியும் என்னுடையதுதான் கருகப்போகிறது. அன்றைக்கு நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்று அவரிடம் சொல். சுருதி சேரவில்லை என்றால் சேரவில்லை என்று சொல். அவர் தாங்குவார், நீ நினைப்பதுபோல் உன் அப்பா கண்ணாடிப் பாத்திரம் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்காதே. நீ நோய்நொடியில்லாமல், கெட்ட பேர் எடுக்காமல், நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன், திட்டுவது அதற்குத் தடையில்லை. பார்சல் ஏதாவது வழியில் இருந்தால் திருப்பி வாங்கிக்கொள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, எங்கேயாவது மறந்து வைத்துவிடாதே. உன்மேல் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறினால் நானே சொல்வேன். ஆனால் உன் அப்பா கேட்டால், எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும், உனக்குத் தெரியாது. இனிமேல் அது நான் சொன்ன பொய், நீ சொன்னது இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா