காலி என்றால் மை

வெளியீட்டுக்கு முன்பே நேற்று கூரியரில் வந்த தொழிற்சங்கத்தின் ஆண்டு விழா மலரைப் பிரித்ததும் முதலில் மூக்கில் ஏறியது மை வாசனைதான். இன்னும் சரியாகக் காயாத அச்சு மை. இரண்டு பக்கம் புரட்டுவதற்குள் விரலெல்லாம் கறுப்பு. உனக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். மூலையில் தபால்தலை அளவுக்கு உன் முகம். மீதிப் பக்கம் பூராவும் உன்னுடைய அந்தக் கறுப்புச் சதுரம். கீழே வங்காளத்தில் ஒரு வரி: "ஆள்குறைப்பைக் கண்டித்து, சங்கத்தின் வழிகாட்டுதலில் நம் தோழர் தீட்டிய துக்கச் சித்திரம்."

வழிகாட்டுதலாம். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

கார்டன் ரீச்சில் ஆற்றை ஒட்டியிருந்த அந்த ஆலையில் நீ டிரேசர், நான் டெஸ்பாட்ச் கிளார்க். பொறியாளர்கள் பென்சிலில் போட்டுத் தரும் பம்பு, வால்வுப் படங்களை டிரேசிங் தாளில் மையால் நகலெடுப்பது உன் வேலை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் அதே பேனா, அதே மை, வால்வுக்குப் பதிலாக மேனேஜரின் மூக்கு. சங்கத்தின் மாத இதழில் கடைசிப் பக்கத்துக் கேலிச்சித்திரம் உன்னுடையது. ஆர்டர் குறைந்து, ஓவர்டைம் நின்று, கேன்டீன் மீன் துண்டு நகத்தளவுக்குச் சுருங்கிப்போன காலம் அது. இதழின் தலையங்கத்தை எழுதியவரைத் தவிர வேறு யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஆலை கேட்டில் கைக்கு வந்ததும் எல்லாரும் பின்பக்கத்தைத்தான் திருப்பினார்கள். தட்டில் இருக்கும் மீனைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறவனை நீ வரைந்தாய் அல்லவா, அந்த வாரமே துண்டு கொஞ்சம் பெரிதாக வந்தது. "பாத்தியாடி, என் பேனா பட்டா மீனு வளருது" என்றாய்.

வரைவதில் உனக்கு இருந்த சாமர்த்தியம் வங்காளம் பேசுவதில் இல்லை. நான் இங்கேயே பிறந்தவள். நீ ரயில்வேக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு மதுரையிலிருந்து வந்தவள். மூச்சை அழுத்திச் சொல்ல வேண்டிய 'க' உனக்குக் கடைசிவரை வசப்படவில்லை. அழுத்திச் சொன்னால் 'காலி' என்பது நம் ஊர்க் காலிதான், வெற்றிடம். அழுத்தாமல் சொன்னால் மை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான் என்பதால் உன் நாக்கை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒருநாள் மினி பஸ்ஸில் ஒரு சீட்டைக் காட்டி "காலி ஆச்சே?" என்று கண்டக்டரைக் கேட்டாய். இடம் இருக்கிறதா என்று நீ கேட்டது, மை இருக்கிறதா என்று அவன் காதில் விழுந்தது. "மை வேண்டுமானால் ஸ்டேஷனரி கடைக்குப் போங்க, திதி" என்று, இங்கே அக்காவைக் கூப்பிடுகிற சொல்லால் அவன் சொல்ல, பஸ்ஸே சிரித்தது. "எங்கிட்ட எப்பவும் மை இருக்குப்பா" என்று தமிழில் சொல்லிவிட்டு நீ அந்தச் சீட்டில் உட்கார்ந்துகொண்டாய்.

பிறகு டிராயிங் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே 'சாட்டாய்' என்ற சொல்லும் வந்தது. இங்கே ஆள்குறைப்புக்கு அதுதான் பெயர். செடியின் கிளையைக் கத்தரித்தாலும் அதே சொல். நீ அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாய். பெரிய கத்தரிக்கோல் ஒன்றை வரைந்து, அதன் வாயில் தொழிலாளிகளை வரிசையாக நிறுத்தினாய். மேலே ஒரு வளையத்தில் மேனேஜரின் கட்டைவிரல். மற்ற வளையத்தில் நம் சங்கக் காரியதரிசியின் விரல், அவருடைய பவள மோதிரத்தோடு. "ஒத்த வளையத்துல கத்தரி வெட்டுமாடி?" என்று என்னைக் கேட்டாய். அதையே வங்காளத்தில் எழுதி அடியில் போட்டோம்.

காரியதரிசி படத்தை நெடுநேரம் பார்த்தார், மோதிரத்தைத் தடவிக்கொண்டே. "கை பிரமாதம். ஆனால் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. இப்போது வேண்டாம், திதி" என்றார். "அந்தப் பேச்சுவார்த்தையில் எங்கள் பேச்சும் வருகிறதா?" என்று கேட்டாய். அவர் டீ வரவழைத்தார்.

வேறு படம் தர மாட்டேன் என்று நீ முடிவு செய்துவிட்டாய். கடைசிப் பக்கம் வெறுமையாகவே வரட்டும், ஏன் வெறுமை என்று கேட்டில் நாலு பேர் கேட்கட்டும் என்பது உன் கணக்கு. என் மேசையிலிருந்த போனில் காளிகாட் சந்து அச்சகத்தைக் கூப்பிட்டு, "ஓகானே காலி தாகுக்" என்றாய். அங்கே ஒன்றும் வேண்டாம், காலியாக இருக்கட்டும் என்று அர்த்தம். எனக்குப் பழகிய நாக்கு, எனக்குச் சரியாகவே கேட்டது. அச்சகத்து அண்ணனுக்கு, அங்கே மை இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறது. சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்கிற மனிதர். படம் வரும் இடத்தில் கறுப்புத் தாளை அளவெடுத்து ஒட்டி, பிளேட் போட்டு, அடித்துத் தள்ளிவிட்டார்.

கேட்டில் இதழ்க் கட்டைப் பிரித்ததும் நீ தலையில் கை வைத்தாய். "என்னடி இது, மைய ஊத்தி வச்சிருக்காய்ங்க!"

ஆனால் ஜனங்கள் நம்மைவிடப் புத்திசாலிகள். வெல்டிங் ஷாப்காரர் ஒருவர், இது கரண்ட் போன கேன்டீன் என்றார். இன்னொருவர், மீன் குழம்பில் மீனைத் தேடிய படத்தின் அடுத்த பாகம் என்றார். கிரேன் ஓட்டுகிறவர் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது அடுத்த மாசம்" என்று சொல்லி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மதியத்துக்குள் லாக்கர் கதவுகளிலெல்லாம் உன் சதுரம் ஒட்டியிருந்தது. சாயங்காலம் கேட் மீட்டிங்கில் காரியதரிசி அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "இது நம் சங்கத்தின் துக்கம்! நான் சொல்லி வந்த படம்!" என்று முழங்கினார். கைதட்டல் ஆற்றுக்கு அக்கரையில் கேட்டிருக்கும். நீ என் தோளில் சாய்ந்து, "வெறும் எடத்தக்கூட விட்டு வைக்க மாட்டேங்கிறாய்ங்களேடி" என்றாய்.

பேச்சுவார்த்தை வெற்றி என்று அறிவித்தார்கள். டிரேசர்கள் அத்தனை பேரும் வெளியே. அத்தனை பேரும் பெண்கள். "உன் புருஷனுக்குத்தான் ரயில்வே வேலை இருக்கிறதே, மற்ற குடும்பங்களை நினைத்துப் பார்" என்று காரியதரிசி உனக்கு ஆறுதல் சொன்னார். புருஷன் சம்பாதித்தால் பெண்ணின் வேலை வேலையில்லை என்று மேனேஜர்கூட உன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. நீ பேனாக்களைத் துடைத்து டப்பாவில் போட்டுக்கொண்டு நடந்தாய். பிறகு மெட்டியாபுருஸில் ஒரு துணிப் பட்டறையில் எம்பிராய்டரிக்குப் பூவும் கொடியும் வரைந்து கொடுத்தாய். "இப்ப நெசமாவே கத்தரிக்கோல் பக்கத்துலதாண்டி வேல" என்று சொல்வாய். அதற்கப்புறம் ஒரு இதழும் உன்னைப் படம் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நீ காத்திருந்தாய். அது எனக்குத் தெரியும்.

இந்த மழைக்காலத்தில் நீ போன பிறகுதான் அவர்களுக்கு உன் ஞாபகம் வந்தது. மலருக்கு அந்தக் கறுப்புப் படம் வேண்டும் என்று போன் செய்தார்கள். நான் கத்தரிக்கோல் படத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். எதை வரைந்தாலும் டிரேசிங் தாளில் ஒரு நகல் எடுக்காமல் உனக்குத் தூக்கம் வராது, அதனால் அது பிழைத்தது. சங்க அலுவலகத்தில் ஒரு சின்ன வயதுப் பிள்ளை. படத்தைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. கேட்டுவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனான். உள்ளே இருப்பவர் அதே காரியதரிசிதான், இப்போது தலைவர். மோதிரமும் அதேதான். திரும்பி வந்த பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "ஜாயகா காலி நேய், திதி."

இடம் காலி இல்லையாம். என்ன சுத்தமான உச்சரிப்பு! நீ ஆயுசு முழுக்க முயன்றும் வராத அந்த 'க' அவன் வாயில் அவ்வளவு அழகாக வந்தது. ஒன்றுமில்லாத சதுரத்துக்கு ஒரு பக்கம் இருந்தது. அந்தச் சதுரத்துக்குள் இருந்திருக்க வேண்டிய படத்துக்கு இடம் இல்லை. செத்த பிறகும் உன்னைத் துக்கம் கொண்டாட வைத்துவிட்டார்கள், நீ சண்டை போட்டவள் என்பது யாருக்கும் தெரியக்கூடாது என்று. எனக்கு இது ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை.

இன்று காலையில் காளிகாட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மலரில் உள்ள சதுரத்தின் அளவுக்கே கத்தரிக்கோலைச் சுருக்கி ஒரு கட்டு நகல் எடுத்தேன். கூடவே ஒரு பசை டப்பா. ஞாயிற்றுக்கிழமை மலர் வெளியீடு. வாசலில் நிற்கப் போகிறேன், அன்று நாம் கேட்டில் நின்ற மாதிரி. பழைய ஆட்களில் பாதிப் பேர் இல்லை. மீதிப் பேர் சிங்காடா, நம் சமோசாதான், அந்தப் பொட்டலத்துக்காக வருவார்கள், கதைக்காக இல்லை. வரட்டும். கையில் மலரோடு வெளியே வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, கறுப்பின் மேல் ஒட்டிக்கொள்ளச் சொல்வேன்.

திரும்பும்போது மெட்ரோவில் நல்ல கூட்டம். ஒரு சீட்டில் ஆளுக்குப் பதிலாகப் பை இருந்தது. பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையனிடம், "காலி ஆச்சே?" என்று கேட்டேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளடி நான், ஆனால் வாயிலிருந்து வந்தது உன்னுடைய அழுத்தாத காலி. பையன் ஒரு கணம் விழித்தான். என் கறுத்த விரல்களைப் பார்த்தான், மடியில் இருந்த தாள் கட்டைப் பார்த்தான். பிறகு பையை எடுத்துக்கொண்டு, "ஆச்சே" என்றான்.

இருக்கிறதாம்.