தார் ரோட்டில் ஏறிய தண்ணீர்

கர்ரானா, பஹ்ரைன்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் பதூலுக்கு அம்மாவின் சலாம். எல்லோரும் நலம் என்று வழக்கம்போல எழுத உட்கார்ந்தேன், கை கொஞ்சம் தயங்கியது, ஆனாலும் அதையே எழுதுகிறேன், நலம்தான். கனடாக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை.

அப்பாவுக்கு மறதி முற்றிவிட்டது, வாசலைப் பூட்டிச் சாவியை உன்னிடமே வைத்துக்கொள் என்று போனில் கண்டிப்பாகச் சொன்னாய். நானும் பூட்டு வாங்கினேன். செவ்வாய்க்கிழமை நடந்ததை முதலில் சொல்கிறேன், என் முடிவைப் பிறகு சொல்கிறேன், கோபப்படாமல் படி.

உன் தம்பி ஜவாத்துக்கு அரசாங்க வீடு கிடைத்தது உனக்குத் தெரியும். வருஷக்கணக்கில் காத்துக்கிடந்து, பிள்ளைகள் நம் பின்னறையில் கால் நீட்ட இடமில்லாமல் வளர்ந்து, கடைசியில் கடலில் மண் கொட்டித் தூர்த்த இடத்தில்தான் கொடுத்தார்கள். இந்தச் சின்னத் தீவில் ஜனம் பெருகினால் வேறெங்கே போவது, சுற்றிலும் தண்ணீர்தானே. நம் வாசலில் இருந்த கடல் இப்போது ஜவாத் வீட்டையும் தாண்டி எங்கேயோ போய்விட்டது, நம் தெருவை மட்டும் இன்னும் கடல் தெரு என்கிறார்கள். மண் லாரிகளை வாய்க்கு வந்தபடி திட்டியவளும் நான்தான், புது வீட்டில் பேத்தி அறைக்கு அறை ஓடியதைப் பார்த்துக் கண் கலங்கியவளும் நான்தான்.

செவ்வாய் மதியம் தொழுகை முடிந்து நான் சாஃபி மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது அப்பா வெளியே போய்விட்டார். ஜவாத் வண்டியை எடுத்துக்கொண்டு புதுக் கரை முழுக்கத் தேடினான், பாறையிலிருந்து வழுக்கி விழுந்திருப்பாரோ என்று போனில் அழுதான். அடுப்பை அணைத்துவிட்டு நடந்தே கிளம்பினேன். ஜவாத் வீட்டுக்குப் போகும் அகலமான ரோட்டின் நடுவே அப்பா எதிரில் வந்துகொண்டிருந்தார். செருப்பு கையில், அங்கி முழங்காலுக்கு மேலே, ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். அது கடலாக இருந்தபோது மீன் சிக்க அவர் வேலி நட்டிருந்த இடம் அதுதான் மகளே. தண்ணீர் வற்றும் நேரம் நடந்து போய் மீனை அள்ளிக்கொண்டு, ஏறுவதற்குள் திரும்பிவிடுவார் அல்லவா. நாங்கள் புதுக் கரையில் தேடினோம், அவர் பழைய கடலுக்குள் இருந்தார்.

அவருக்குப் பின்னால் ஒரு கார் ஹாரன் அடிக்காமல் ஊர்ந்து வந்தது. ஓட்டி வந்த பெண் அந்தப் புதுத் தெருக்காரி. கண்ணாடியை இறக்கி, “பரவால்ல பெரியம்மா, அவரு எதையோ தாண்டி வர்றாருன்னு தோணுச்சு, மெதுவா வரட்டும்” என்றாள். அவளுக்கு நல்ல வாழ்வு கிடைக்கட்டும். நான் கையைப் பிடித்து இது ரோடு, ரோடு என்றேன். உன் அப்பா என்னைத்தான் கடிந்துகொண்டார். “செருப்பக் கழட்டு மாசூமா. தண்ணி ஏறிக்கிட்டு வருது, இந்த இடத்துல பள்ளம் வேற.”

வேறென்ன செய்வேன், கழற்றினேன். அபாயாவைத் தூக்கிக்கொண்டு, பட்டப்பகலில் இரண்டு கிழங்களும் தார் ரோட்டில் தண்ணீர் தாண்டினோம். கடல் தெரு முனை வந்ததும் அவரே அங்கியை இறக்கிவிட்டு, கரை வந்துவிட்டது என்றார். நான் காட்டவில்லை, நம் வீட்டுக் கதவை அவரே தள்ளிக்கொண்டு உள்ளே போனார். வழி அவருக்கு மறக்கவில்லை, நாங்கள்தான் அதன் மேல் மண்ணைக் கொட்டி வைத்திருக்கிறோம்.

அதனால் கதவைப் பூட்டப்போவதில்லை. தண்ணீர் வற்றுகிறது என்று அவர் எழுந்தால் நானும் கூடப் போவேன், ஜவாத் வீட்டில் டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். பூட்டைக் கோழிக்கூண்டில் மாட்டிவிட்டேன்.

உன் உடம்பும் வேலையும் நன்றாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். கோடை விடுமுறையைத் தள்ளிப்போடாதே. நீ வரும்போது உன் பெயர் அவர் வாயில் வருமோ வராதோ, என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த ரோட்டில் உன்னைப் பார்த்தால் செருப்பைக் கழற்றச் சொல்வார். விளக்கம் சொல்லாதே, கழற்றிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொள்.

உன் அம்மா
மாசூமா