கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டாவது ஓணான்

மார்ச் 3, திங்கள், பீல், சுவிஸ்
மழை. கடிகாரத் தொழிற்சாலையால் வரும் வழியில் வெட்டுக்கிளி ஒரு டப்பா, கீரை, ராசனின் பெட்டிக்குப் புது விளக்கு. ராசன், என் தாடி ஓணான், நன்றாகத் தின்றான். கோபம் வந்தால் முதலே தாடியைக் கறுப்பாக்கிக் காட்டிவிடுவான். எனக்குத் தெரிந்த ஆண்களில் இவன் ஒருவன்தான் அப்படி.

மார்ச் 6, வியாழன்
அண்ணா வந்தார், அட்டைப்பெட்டியோடு. நொஷாட்டலில் யாரோ வேண்டாமென்று கொடுத்த இன்னொரு ஓணான். ராசனைவிடப் பெரிது. தனிய இருந்தால் சீவன் ஏங்கிப்போகுமாம். இதுவும் ஆண் என்றேன். பழகிவிடுமாம். கேட்காமலே உள்ளே விட்டார்.

பிறகுதான் வந்த விஷயம். சிவா திருந்திவிட்டானாம். புருஷனை விட்டு இன்னும் எத்தனை நாள் என்று கோயிலில் கேட்கிறார்களாம். அவன் உடைத்த என் தாடை ஒட்டியதா என்று கோயிலில் ஒருவரும் கேட்கவில்லை. அண்ணாவுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தேன். முகத்தில் ஊற்றியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை: வேறு பெட்டி வாங்க வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி
வேலையால் வந்தால் கண்ணாடியெல்லாம் இரத்தம். புதியது ராசன்மேல் ஏறி, முன்காலைக் கவ்வி உலுப்பிக்கொண்டிருந்தது. எலும்பு முறிகிற சத்தம். கையை விட்டேன், என் விரலையும் கடித்தது. இடுக்கியால் அதன் தலையில் அடித்தேன். விட்ட பிறகும் அடித்தேன். கொல்லத்தான் நினைத்தேன், பொய் ஏன்.

ராசனைத் துவாயில் சுற்றி, பஸ்ஸில், மிருக வைத்தியரிடம். காலை எடுக்க வேண்டுமாம். இவை தனியே வாழ்கிற பிராணிகள், ஏன் ஒன்றாக விட்டீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். காலை எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 8, சனி
ராசனுக்கு இனி மூன்று கால். உயிர் இருக்கிறது. மருந்து வாயில் துளி, காலை மாலை. சாப்பாடு தொடவில்லை. மற்றது உடுப்புக் கூடையில். வைத்தியர் அதற்கு ஆள் பார்க்கிறார். தலையில் காயம், என்னைக் கண்டால் பதுங்குகிறது. அதன்மேல் கோபமில்லை இப்போது, வெட்கம்தான்.

அண்ணாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.
"நீ அவசரப்பட்டுப் பிரிச்சுப்போட்டாய். ரெண்டு நாள் கடிபட்டிட்டுப் பழகியிருக்கும். உன்ரை விஷயமும் இதுதான்."
கோப்பையைச் சுவரில் எறிந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு
வெயில். மணி அடித்தது. கதவுத் துளையால் பார்த்தால் அண்ணா. பின்னால் சிவா, கையில் சொக்கிளேற் பெட்டி. திறக்கவில்லை. முதலில் பணிவாகத்தான் கதைத்தான். பிறகு உதைத்தான். கதவுநிலை அதிர்ந்தது.
"திற. இல்லாட்டி உடைச்சுக்கொண்டு வந்து மற்றப் பக்கத்தையும் உடைப்பன்."
அண்ணா பக்கத்திலேயே நின்றார்.
"சனம் பாக்குது, தங்கச்சி. திற."

பொலிசுக்குப் போன் அடித்தேன். முகவரி சொன்னேன். உதைப்பது யார் என்று கேட்டார்கள். சிவாவின் முழுப்பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். கூட யாரும் இருக்கிறார்களா என்றார்கள்.

அண்ணாவின் பெயரையும் சொன்னேன்.