கோப்பிக் கட்டையில் ஒரு கடையாணி

கண்டி,
1871 ஆவணி 10.

அப்புத்தளைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருக்கும் அண்ணாவுக்கு, தங்கை வேலாயி வணங்கி எழுதுவது.

குளத்து வீதிப் புழுதியில் நம் வண்டியின் வலப்பக்கத் தடம் மட்டும் பாம்பு போனதுபோல் நெளிந்து கிடந்தது. முதலில் கண்டது அதைத்தான். இறங்கிப் பார்த்தால், சக்கரம் கழன்றுவிடாமல் அச்சின் முனையில் நிற்கும் கடையாணி பாதியாகத் தேய்ந்திருந்தது. கயிற்றால் கட்டி, செவலைக் காளையை நடத்தியே வீடு கொண்டுவந்து சேர்த்தேன்.

அம்மாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. ஸ்டோரில் கோப்பிக்கொட்டை பொறுக்கும் வேலை எனக்கு இந்த மாதமும் இருக்கிறது.

ஆணி தேய்ந்ததை அப்பா தெரிவித்ததற்கு நீங்கள் எழுதிய பதில் கிடைத்தது. ஆணி இல்லாத வண்டி விறகுதான், அக்குறணைக் கடைக்காரர் வெள்ளிக்கிழமை வருவார், அவருக்கு விலைக்குக் கொடுத்துவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கப்பிள்ளையின் தங்கை வண்டி ஓட்டினால் நாலு பேர் சிரிப்பார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ரயில் வந்து அப்பாவின் பார வண்டி சும்மா கிடந்தபோது, அதை அறுத்து இந்த ஒற்றைமாட்டு வண்டியைச் செய்தது நீங்கள். பள்ளியை விட்ட பிறகு நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். "ஏறு புள்ள, கயித்தைப் புடி" என்று சொன்னதும் நீங்கள்தான்.

நீங்கள் அச்சைச் செதுக்கி மெலிதாக்கியதால் கடையில் விற்கும் ஆணி எதுவும் அதில் நுழையாது. கெலிஓயாக் கொல்லர் செல்லப்பாவிடம் அடிக்கச் சொல்லி, ஆறு விரற்கடை நீளம், சுண்டுவிரல் கனம் என்று அப்பாவிடம் அளவு சொல்லி அனுப்பினேன். நான் அளந்தது என் விரலால். கொல்லர் அடித்தது தம் விரலுக்கு. வந்த ஆணியை யானை வண்டிக்குத்தான் போடலாம். "புள்ளை அளந்தா இப்படித்தான்" என்று அங்கே எல்லாரும் சிரித்தார்களாம். அப்பாவும் விட்டுவிடு என்றார்.

நான் விடவில்லை. கவ்வாத்தில் வெட்டிக் கழித்த கோப்பிக் கொம்பு ஒன்றை எடுத்து அரிவாளால் சீவினேன். சீவுவதும் அச்சுத் துளையில் போட்டுப் பார்ப்பதுமாக மூன்று நாள் போனது. ஆட்டம் இல்லாமல் அது உட்கார்ந்ததும், ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு கெலிஓயாவுக்கு நடந்தேன்.

அந்நியர் முன் எனக்குப் பேச்சு வராது, உங்களுக்குத் தெரியும். கட்டையைப் பட்டடைக் கல்லின் மேல் வைத்துவிட்டு நின்றேன். "வீட்டுல ஆம்பளை இல்லையா? இது என்ன, வெளையாட்டுச் சாமானா?" என்று கேட்டு, செல்லப்பா அதை எடுத்துக் கரி மூட்டைமேல் போட்டார். போய் எடுத்துவந்து திரும்ப அதே இடத்தில் வைத்தேன். இன்னொரு தடவையும் போட்டார். இன்னொரு தடவையும் வைத்தேன். பிறகு எப்படியோ சொல்லிவிட்டேன்: "ஒங்க விரலு ஒங்களுக்கு. என் வண்டிக்கு இதுதான் அளவு."

துருத்தி நின்றது. அவர் கட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தலையைக் கொஞ்சம் வளைச்சு விடுறேன், குதிச்சு வெளியே வராது" என்றார். அடித்து, தண்ணீரில் அமிழ்த்தி, என் கையில் கொடுத்தபோது, "ஓட்டப் போறது யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா, பயந்தாளா, தெரியவில்லை.

அண்ணா, ஆணி இம்மி பிசகாமல் உட்கார்ந்துவிட்டது. வண்டி இப்போது விறகு இல்லை, ஆகவே யாருக்கும் கொடுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை கடைக்காரர் வந்தால் வெறும் கொட்டிலைத்தான் பார்ப்பார். அந்த வெயிலில் அவரை நடக்க வைக்காமல் நீங்களே எழுதிவிடுங்கள். உங்கள் வேலையை ஆண்டவன் மேன்மேலும் உயர்த்தட்டும். உயர்ந்த பிறகும், கயிற்றைக் கையில் கொடுத்த அன்றைய அண்ணாவாகவே இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
வேலாயி

பின்குறிப்பு: இந்த வரிகளைக் கண்டித் தபால் கந்தோர் வாசலில் எழுதுகிறேன். விட்டுவிடு என்ற அப்பாவே நுகத்தைத் தூக்கிப் பிடித்தார். நான் செவலையைப் பூட்டி, கடைவீதி வழியாகவே ஓட்டிவந்தேன்.