பழனி மலையில் நிற்கிறவர்

கல்லுமலைத் தோட்டம், மேல்பிரிவு,
மஸ்கெலியா.
12.8.1954

அன்புள்ள காளியாயி மதினிக்கு,

இங்கே நானும் உங்கள் மருமகள் மீனம்மாவும் இருக்கிறோம். சுகமாக என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் தம்பிக்குக் கருமாதி முடிந்து நீங்கள் பொகவந்தலாவைக்கு பஸ் ஏறி ஐந்து மாதம் ஆகிறது. மழை இன்னும் விட்டபாடில்லை. மகளுக்கு இருமல் குறைந்திருக்கிறது. உங்களுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அவர் இருக்கும்போது போட்ட இலங்கைப் பிரஜாவுரிமை மனுவை, சம்சாரம் என்ற முறையில் நான் நடத்தலாமாம். அதற்கு ஆனி மாதம் ஹட்டனில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விசாரிக்கிற துரை இங்கிலீசில் கேட்டார். ஒரு சிங்கள மாத்தயா அதைத் தமிழில் சொன்னார். நல்ல மனுசன், தமிழும் நன்றாகப் பேசுகிறார், ஆனால் நம் வழக்கம் தெரியாது. மூலையில் ஒரு பிள்ளை டைப் அடித்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் அது பத்து வார்த்தைக்குத் தட்டியது. அப்படி என்னத்தை எழுதுகிறது என்று எனக்கு ஒரே யோசனை.

உன் புருசன் பேர் என்ன என்று கேட்டார்கள். நான் எப்படி மதினி சொல்வேன்? நம் பொம்பளைகள் சொல்கிற மாதிரித்தான் சொன்னேன். பழனி மலையில கோவணத்தோட ஆண்டியா நிக்கிறாரே, அவருங்க என்றேன். இப்பவும் அங்கேதான் இருக்காரா என்று மாத்தயா கேட்டார். என்னைக்கும் அங்கேதாங்க என்றேன். அந்தப் பிள்ளை தட்டு தட்டென்று தட்டியது.

மூன்று வாரம் கழித்து இங்கிலீசில் ஒரு கடுதாசி வந்தது. கணக்கப்பிள்ளை வாசித்துவிட்டு, மனுவைத் தள்ளிட்டாங்க, நீ இந்தியாவுக்குப் பெட்டியக் கட்டு என்றார். ஏன் தள்ளினார்கள் என்று கேட்டேன். அதெல்லாம் உனக்கு எதுக்கு என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. எதற்கென்று தெரியாமல் எப்படிப் பெட்டி கட்டுவது? போன சனிக்கிழமை ஹட்டனில் தொழிலாளர் சங்கத்து ஆபீசுக்குப் போனேன். இல்லாதவர்களுக்குக் கூலி வாங்காமல் வழக்குப் பார்க்கிற பொன்னையா வக்கீல் அங்கே வருகிறார். எனக்கு முன்னால் முப்பது பேராவது இருப்பார்கள்.

வக்கீல் கடுதாசியைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏம்மா, செத்துப்போனவர் உன் புருசனே இல்லையாமே, உன் புருசன் பழனியில சாமியாரா இருக்கார்னு நீயே சொன்னியாமே என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மதினி. அவர் போனபிறகு அதுதான் முதல் தடவை. பாவம் செய்துவிட்ட மாதிரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கல்யாணத்தைப் பதிஞ்சீங்களா என்று கேட்டார். இல்லீங்க, மாரியம்மா பாத்திருக்கா என்றேன். மாரியம்மாவை ஹட்டனுக்கு சாட்சி சொல்லக் கூட்டிட்டு வருவியா என்றார். யார் தாலி கட்டியது, எத்தனை முடிச்சு என்று துருவித் துருவிக் கேட்டார். முதல் முடிச்சு அவர் போட்டது, மற்ற இரண்டும் அவங்க அக்கா போட்டது என்றேன். வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். அந்த அக்கா உயிரோட இருக்காங்களா என்றார். அவங்க வந்து சொன்னால் பதிவுக் கடுதாசி இல்லாததற்கு அது ஈடாகும் என்கிறார். தாலி கட்டியவர் மண்ணுக்குள் போனபிறகும் நாத்தனார் போட்ட முடிச்சுக்குச் சட்டத்தில் மதிப்பு இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், கூலி வாங்காம எதுக்குங்க இவ்வளவு தூரம் வர்றீங்க என்று அவரையே கேட்டுவிட்டேன். எங்க வீட்டுலயும் இதையேதான் கேக்குறாங்க என்று சிரித்தார். அவருடைய ரயில் செலவும் முத்திரைச் செலவும் சங்கத்துச் சந்தாவில்தான் நடக்கிறதாம். ஆட்கள் சந்தா கட்டுவதை விட்டுவிட்டார்கள், அடுத்த மாதத்திலிருந்து மாதத்துக்கு ஒரு சனிக்கிழமைதான் வருவார் என்று சங்கத்துச் செல்லசாமி சொன்னார். திம்புள்ளைப் பக்கத்திலிருந்து கைப்பிள்ளையோடு வந்த ஒருத்தி, முறை வராமலே பஸ்ஸுக்கு ஓடினாள். அவள் கையிலும் என்னுடையதைப் போலவே ஒரு கடுதாசி இருந்தது. என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமலே எத்தனை பேர் பெட்டி கட்டிப் போனார்களோ என்று அதிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

மறுப்புச் சொல்ல அந்தக் கடுதாசியிலேயே நாள் குறித்திருக்கிறதாம். மறு விசாரணை செப்டம்பர் ஆறாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு. உங்கள் மனுவும் இன்னும் முடியவில்லை, அந்த விசாரணைக் கந்தோர் வாசலை மிதிக்கவே பயம் என்று கருமாதி அன்றைக்குச் சொன்னீர்கள். அதையும் வக்கீலிடம் கேட்டேன். உங்கள் பேரைச் சொல்லவில்லை. சாட்சி சொல்வதால் சொந்த மனுவுக்குக் கெடுதல் வராது என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நம்புவது உங்கள் மனசு. இதிலும் தள்ளிவிட்டால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவை விட்டுவிட்டு நானும் மீனம்மாவும் கப்பல் ஏற வேண்டியதுதான். நான் பழனியைக் கண்ணால் பார்த்தவள் இல்லை. அவர் இங்கே ஒன்பதாம் நம்பர் மலைக்குக் கீழே கிடக்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தத் தடவை பேரை என் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆற்றில் துணி துவைக்கும்போது தண்ணீர்ச் சத்தத்தில் சொல்லிப் பார்த்தேன். நாக்கு எழவில்லை. நான் சொன்னதே இல்லை, மற்றவர்கள் சொல்லிக் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். விடிந்தால் பெரட்டில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்போது கங்காணி கூப்பிடுவார், கேட்கும். இப்போது செக்ரோல் பதிவில் அந்தப் பேர் இல்லை. அடுத்த ஆளின் பேருக்குத் தாண்டிப் போய்விடுகிறார். ஐந்து மாதமாக யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

நீங்கள் கூடப் பிறந்தவங்க. உங்களுக்குத் தடை ஒன்றும் இல்லை. வாங்க மதினி. துரைக்கு முன்னால் ஒரே ஒரு தடவை, சத்தமாகச் சொல்லுங்கள். உங்கள் பின்னாலேயே நானும் சொல்லிவிடுவேன்.

உங்கள் தம்பி சம்சாரம்,
நாகலெட்சுமி