கதவுக்குப் பின்னால் ஒரு டம்ளர் தண்ணீர்

சியென்ஃபுவேகோஸ், கியூபா

அன்பு மகள் மாய்லினுக்கு,

அப்பா எழுதுவது. உயிரோடுதான் இருக்கிறேன், முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது. போனில் பேசினால் யூசிமி காதில் விழும். அதனால்தான் நீ இருக்கும் அமெரிக்காவுக்கே திரும்பும் என் கூட்டாளி ரெம்பெர்தோவின் மகன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

யூசிமியை நீதான் ஏற்பாடு செய்தாய். சாகும்வரை அவள் என்னைக் கவனிப்பது, செத்தபின் வீடு அவளுக்கு என்று பேச்சு. நான் சீக்கிரம் போனால் அவளுக்கு லாபம் என்பதை யோசித்தாயா? கறுப்பு பீன்ஸில் உப்பு கூடினால்கூட எனக்குச் சந்தேகம் வருகிறது.

தெருவில் யாரிடம் யோசனை கேட்பது? இளசுகள் எல்லாம் விமானம் ஏறிவிட்டார்கள். போன வாரம் நம் தெரு ஒஸ்வால்தோவின் சவப்பெட்டியைத் தூக்கக் கிழவர்கள் நாங்கள்தான் மிச்சம். வழியில் இறக்கி வைத்து இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம்.

மறுநாள்தான் அதைப் பார்த்தேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு டம்ளர் தண்ணீர், பக்கத்தில் வெள்ளைப் பூ. செத்தவர்களுக்குத்தானே நாம் அப்படி வைப்போம்? உன் அம்மாவுக்கு வைத்தது கூடத்தில் இருக்கிறது. அப்படியானால் இது யாருக்கு? டோமினோ ஆடும்போது ரெம்பெர்தோவிடம் சொன்னேன். "உனக்குத்தான்டா, அட்வான்ஸா வெச்சிட்டா. தாகம் எடுத்தா இப்பவே குடிச்சிடு" என்று சிரிக்கிறான், பாவி.

நேற்றுக் கேட்டேவிட்டேன். "நான் இன்னும் சாகலையே, யூசிமி. அந்தத் தண்ணி யாருக்கு?"

காப்பி வடிகட்டிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. "எங்கம்மாவுக்கு, பெரியவரே. அந்தக் கோடியில, பாராகோவாவுல தனியா இருந்தாங்க, போன மாசம் போயிட்டாங்க. அப்பதான் நீங்க வழுக்கி விழுந்து படுத்துக் கிடந்தீங்க. உங்களை யார்கிட்ட விட்டுட்டுப் போறது? கூடத்துல வெச்சா உங்க வீட்டம்மாவுக்குப் போட்டியா இருக்குமேன்னு இங்க வெச்சேன்" என்றாள்.

அதையும் நான் நம்பவில்லை. பக்கத்து வீட்டு ஒஃபேலியாவிடம் விசாரித்தேன். உண்மைதானாம், ஒஃபேலியாவின் தோளில் சாய்ந்துதான் யூசிமி அழுதாளாம். பெற்ற தாயைக் கடைசியாகப் பார்க்கப் போகாமல் என் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இப்போது சந்தேகம் உன் பக்கம் திரும்பியிருக்கிறது, மகளே. ஒவ்வொரு டிசம்பரிலும் வருகிறேன் என்கிறாய். வீட்டை அவளுக்கு விடச் சம்மதித்தாயே, இனி திரும்புவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாயா?

செத்தபின் எதற்கு, இப்போதே வீட்டை அவள் பெயருக்கு எழுதப் போகிறேன். உனக்கு ஆட்சேபம் இருந்தால் போனில் சொல்லாதே. நேரில் வந்து சண்டை போடு.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இரு.

உன் அப்பா,
எவேலியோ